ஆற்று லோப்ஸ்டருக்குக் கூண்டு வைக்க யாரிடம் அனுமதி கேட்பது?

ஜொகூர் ஆறுகளில் மீன் பிடிப்பவர்களுக்கு ‘லோப்ஸ்டர் ஆயர் தாவார்’ புதிய பெயர் அல்ல. இறால் போன்ற வால், நண்டு போன்ற கொடுக்கு, நீலமும் பச்சையும் கலந்த உடல். வளர்ந்த ஆணாக இருந்தால் கொடுக்கின் வெளி ஓரத்தில் சிவப்பாக ஒரு திட்டு இருக்கும். தமிழில் நன்னீர்ச் சிங்கி இறால் எனலாம். பார்க்க அழகு, சாப்பிட ருசி. ஆனால் இந்த மண்ணின் உயிரினம் அல்ல. வட ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூகினியின் தென்பகுதியும்தான் அதன் சொந்த ஊர். குளத்தில் வளர்த்து விற்பதற்காக மலேசியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. பிறகு குளத்தை விட்டு ஆற்றில் இறங்கி, அங்கேயே குஞ்சு பொரித்து நிலைத்துவிட்டது.

வெளியிலிருந்து வந்து நம் ஆற்றைக் கெடுக்கும் பிராணிதானே, கோழிக்குடலைக் கட்டி நாலு கூண்டு போட்டால் தீர்ந்தது, இதற்குப் போய் யாரைக் கேட்க வேண்டும்? தோட்டத்திலும் சரி, தாமானிலும் சரி, பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கேட்கத்தான் வேண்டும். யாரைக் கேட்பது, எதற்காகக் கேட்பது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

இந்தச் சிங்கி இறால் மலேசியாவில் பரவியிருப்பதை உள்நாட்டு ஆய்வாளர்கள் 2016-இல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். அதற்கு முன்பே, 2007-இல், சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் அது தானாக இனப்பெருக்கம் செய்து வாழ்வதாகப் பதிவாகிவிட்டது. ஆக ஜொகூர் நீரிணையின் இரு கரையிலும் அது குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எப்படி வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. வெள்ளத்தில் வளர்ப்புக் குளத்தின் கரை வழிந்தால் போதும். கரை வழியாவிட்டாலும் ஈரமான தரையில் கொஞ்ச தூரம் நடந்து போகக்கூடிய பிராணி அது. வியாபாரம் படுத்துவிட்டதால் குளத்தைக் கைவிட்டவர்கள் உண்டு. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்துவிட்டு, அலுத்துப்போய், கொல்ல மனமில்லாமல் பக்கத்து ஆற்றில் விடுகிறவர்களும் உண்டு.

பெண் சிங்கி இறால் ஒரு தடவையில் சில நூறு முட்டைகளை வயிற்றுக்கு அடியில் சுமக்கிறது. வெப்பமண்டல நீரில் ஓர் ஆண்டுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். பாசி, நீர்ச்செடி, நத்தை, புழு, செத்த மீன் என்று எதையும் தின்னும். பிராணவாயு குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆப்பிரிக்காவில் ஸாம்பியாவின் வளர்ப்புப் பண்ணைகளிலிருந்து தப்பிய இதே இனம் இன்று காஃபுவே ஆற்றிலும் கரிபா ஏரியிலும் பரவியிருக்கிறது. வலையில் மாட்டிய மீனைக் கரைக்கு இழுப்பதற்குள் இது கடித்துப் பாழாக்கிவிடுவது அங்குள்ள மீனவர்களின் குறை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இயற்கையாகச் சிங்கி இறால் இனம் எதுவும் கிடையாது என்பதால், இதை உள்ளூர் இனத்தோடு குழப்பிக்கொள்ளும் ஆபத்து இல்லை. அது ஒன்றே ஒரு வசதி.

இனி அனுமதிக்கு வருவோம்.

மலேசியாவில் எந்த அதிகாரம் கூட்டரசுக்கு, எது மாநிலத்துக்கு என்பதை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. கடல் மீன்பிடிப்பும் கழிமுக மீன்பிடிப்பும் கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. ஆற்று மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் 12-ஆவது விஷயமாக வருகிறது. அதே வரியில் ஆமையும் சேர்ந்திருக்கிறது. ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும் என்று இரண்டையும் ஒன்றாக மாநிலத்திடம் கொடுத்துவிட்டார்கள். 1957-இல் எழுதியவர்கள் எதை நினைத்து எழுதினார்களோ, கூண்டு வைப்பவருக்கு அந்த வரி மிகப் பொருத்தம். தண்ணீருக்கு அடியில் வைத்த கூண்டுக்குள் நுழைந்த ஆமை மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. உள்நாட்டு மீன்பிடிப்புக்கு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை அது ஒவ்வொரு மாநில அரசுக்கும் கொடுக்கிறது. கூட்டரசுப் பிரதேசங்களுக்கு மட்டும் அமைச்சர். அந்தச் சட்டத்தில் ‘மீன்’ என்ற சொல்லுக்குக் கொடுத்துள்ள பொருள் விரிவானது. இறால், நண்டு, சிப்பி எல்லாம் சட்டத்தின் கண்ணுக்கு மீன்தான். ஆகவே சிங்கி இறாலும் மீன்தான். ‘மீன் பிடிக்கவில்லை, லோப்ஸ்டர்தான் பிடித்தேன்’ என்ற வாதம் எடுபடாது. அதேபோல் ஆறு, ஏரி, ஓடை, குளம், இயற்கையானது, வெட்டியது, தனியாருக்குச் சொந்தமானது, சொந்தமில்லாதது என்று எல்லா உள்நாட்டு நீரையும் அந்தச் சட்டம் ஒரே வலைக்குள் கொண்டு வருகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் ஒரு பழைய எண்ணம் உண்டு. தோட்டத்துக்குள் ஓடும் ஆறு தோட்டத்துக்குச் சொந்தம், மேனேஜரிடமோ கிராணியிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று. பாதிதான் சரி. 1920-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் நடப்பில் உள்ள சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் போன்ற மாநிலங்களில் ஆறுகள் மாநில ஆட்சியாளரின் உடைமை. செம்பனைத் தோட்டத்தின் நடுவே ஓடினாலும் ஆறு கம்பெனியுடையது ஆகாது. ஆனால் ஆற்றுக்குப் போகும் வழி கம்பெனி நிலம். அனுமதி இல்லாமல் அதில் நுழைந்தால் அத்துமீறல் என்று காவலாளி தடுக்கலாம், போலீசில் புகாரும் கொடுக்கலாம். தோட்டங்களில் குலைத் திருட்டு நடக்கும் காலத்தில், இரவில் டார்ச் விளக்கும் சாக்குமாக ஆற்றோரம் நிற்பவரை யாரும் மீன்பிடிக்க வந்தவராகப் பார்க்கப் போவதில்லை. எனவே தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம், மாநிலத்தின் சார்பில் மாவட்ட மீன்வள அலுவலகத்திடம் ஓர் அனுமதி. இரண்டும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகிவிடாது. நகரத்துப் பெரிய கால்வாய் என்றால் ஊராட்சி மன்றமோ வடிகால் நீர்ப்பாசன இலாகாவோ குறுக்கே வரும். சிலாங்கூரில் ஆறுகளைக் கவனிப்பதற்கென்றே லுவாஸ் என்ற வாரியம் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது.

இத்தனை வாசலைத் தட்ட வேண்டுமா என்று கேட்பவர் சும்மா சலித்துக்கொள்ளவில்லை. நாள் சம்பளத்துக்குப் போகிறவர் ஒரு நாள் வேலையை விட்டால்தான் மாவட்ட அலுவலகம் போக முடியும். அங்கே போனாலும், ‘அயல் இனத்தை ஒழிக்கக் கூண்டு வைக்க வேண்டும்’ என்ற கோரிக்கைக்கு எந்தப் பாரத்தை எடுத்துக் கொடுப்பது என்று முகப்பில் இருப்பவரே யோசிக்கக்கூடும். அதற்குக் காரணம் அதிகாரியின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. காரணம் விதிகளின் பிறப்பிலேயே இருக்கிறது.

ஆற்று மீன்பிடிப்பு விதிகள் எல்லாம் மீனை மனிதனிடமிருந்து காப்பாற்றுவதற்காகப் பிறந்தவை. வலைக்கண் இவ்வளவுக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் குஞ்சு தப்பிப் போய் வளர வேண்டும். இன்ன இடத்தில் பிடிக்கக் கூடாது, ஏனென்றால் அங்கே முட்டையிடுகிறது. ஆற்றை முழுக்க மறித்துக் கட்டக் கூடாது, ஏனென்றால் மீன் மேலேறிப் போக வேண்டும். எல்லாம் சரியான விதிகள்தான். கரண்ட் போட்டும் தூபா வேரை இடித்துக் கலக்கியும் ஒரே இரவில் ஓர் ஆற்றைக் காலி செய்தவர்களைப் பார்த்த நாட்டில் அவை இல்லாமல் முடியாது. ஆனால் ஓர் இனத்தை ஆற்றிலிருந்து அடியோடு எடுக்க வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால், அதே விதி தலைகீழாக வேலை செய்கிறது. குஞ்சு தப்பட்டும் என்று பெரிதாக வைத்த வலைக்கண் வழியாகச் சிங்கி இறாலின் குஞ்சும் தப்பிவிடும். தப்பக் கூடாதது அதுதான். சின்னக் கண் உள்ள கூண்டை அனுமதித்தாலோ, கூடவே உள்ளூர் மீனின் குஞ்சும் ஊடாங் காலாவின் குஞ்சும் அள்ளிக்கொண்டு வரும்.

கடைகளிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும் ‘பூபு நாகா’ இந்த இடத்தில்தான் வருகிறது. பாம்பு போல நீண்ட, மடித்து எடுத்துச் செல்லக்கூடிய அந்தக் கூண்டில் உள்ளே போனது எதுவும் வெளியே வராது, அளவு வித்தியாசம் கிடையாது. கடலில் அதைப் போட்டவர்களிடமிருந்து அதிகாரிகள் பறிமுதல் செய்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. ‘லோப்ஸ்டரை ஒழிக்கத்தான் போட்டேன்’ என்று ஆற்றில் அதை விரிப்பவர், நல்ல எண்ணத்தோடு செய்தாலும், ஒழிப்பது லோப்ஸ்டரை மட்டுமல்ல. நீர்நாய் அதில் நுழைந்தால் கதை முடிந்தது. நீர்நாய்க்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல் நிற்கிறது, அந்த வழக்கு மீன்வள இலாகாவோடு முடியாது. பேராக் ஆற்றுப் பக்கம் என்றால் தூந்தோங் ஆமையையும் நினைக்க வேண்டும். உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் அந்த ஆமைக்காகப் போத்தா கானானில் பாதுகாப்பு மையமே நடக்கிறது. அங்கே முட்டையைப் பொரிக்க வைத்து, வளர்த்து, ஆற்றில் விடுகிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி யாரோ வைத்த கூண்டில் அது மூழ்கிச் சாகலாம்.

இப்படி ஒரு கூண்டு அனுமதியை முழுசாக யோசித்து எழுதி வைத்திருக்கும் நாடு ஒன்றைப் பார்ப்பது இங்கே உதவும். அது இங்கிலாந்து.

அங்கே 1970-களின் நடுவில் வட அமெரிக்காவிலிருந்து ‘சிக்னல்’ என்ற சிங்கி இறாலைக் கொண்டு வந்தார்கள். திருட்டுத்தனமாக அல்ல. விவசாயிகளுக்குக் கூடுதல் வருமானம், ஏற்றுமதி என்று அரசாங்கமே ஊக்கப்படுத்தியது. பண்ணையிலிருந்து ஆற்றுக்குப் போனது. போகும்போது ஒரு பூஞ்சை வகை நோயையும் சுமந்துகொண்டு போனது. அந்த நோய் சிக்னல் இனத்தைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. உள்ளூரின் வெள்ளைக் கொடுக்கு இனத்தைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. மிச்சத்தை இடப் போட்டி முடித்தது. வருமானம் என்று தொடங்கி ஆற்றில் முடிந்த இந்தக் கதை மலேசியக் குளம் வளர்ப்பாளருக்கு அந்நியமாகத் தோன்றாது.

இன்று இங்கிலாந்தில் ஒருவர் தன் வீட்டுப் பின்னால் ஓடும் ஓடையிலே கூண்டு வைக்க வேண்டுமென்றாலும் சுற்றுச்சூழல் முகவையிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். நிலச் சொந்தக்காரரின் அனுமதி தனி. கூண்டின் நீளம் 600 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் 350 மில்லிமீட்டர், வலைக்கண் 30 மில்லிமீட்டர், வாய் 95 மில்லிமீட்டர். வாயின் அளவு ஏன் இவ்வளவு கணக்காக இருக்கிறது? நீர்நாய் நுழையக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு கூண்டுக்கும் முகவை கொடுக்கும் அடையாள வில்லையைக் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முறையாவது தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளூர் இனம் இன்னும் உயிரோடு இருக்கும் ஆறு என்றால் அனுமதியே கிடைக்காது. இவை எல்லாவற்றையும் விட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. பிடித்த அயல் இனத்தை மறுபடியும் தண்ணீரில் விடக் கூடாது, தனி உரிமம் இல்லாமல் உயிரோடு எடுத்துச் செல்லவும் கூடாது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு, பிடிக்கிறவரைப் பிடிக்க விட்டால் ஆறு சுத்தமாகுமே என்று அங்கேயும் கேட்டார்கள். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. வட யார்க்‌ஷயரில் உள்ள ஒரு சிறு ஓடையில் தண்ணீரைத் தடுத்து, இறைத்து, அடியில் இருந்த சிங்கி இறாலை எல்லாம் கையால் பொறுக்கி எண்ணினார்கள். ஒரு சதுர மீட்டரில் 100-க்கும் மேல் இருந்த இடமும் இருந்தது. அந்தக் கூட்டத்தில் இரை வைத்த கூண்டில் சிக்கும் அளவுக்குப் பெரியவை எத்தனை தெரியுமா? 2.3 விழுக்காடு. மிச்சம் எல்லாம் பொடிசுகள். கூண்டுக்குள் வராது, வந்தாலும் கண் வழியே நழுவிவிடும். இன்னொரு கோணமும் இருக்கிறது. பெரிய சிங்கி இறால் சின்னதைத் தின்னும் பிராணி. பெரியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டே இருந்தால் பொடிசுகளுக்கு அடுப்பங்கரையில் ஆள் இல்லாத எலிக்குக் கிடைக்கும் சுதந்திரம்தான்.

யார்க்‌ஷயர் ஓடையில் இருந்தது வேறு இனம், குளிர் நாட்டு இனம். அந்த எண்ணை அப்படியே ஜொகூர் ஆற்றுக்குப் பொருத்த முடியாது. ஆனால் இரைக் கூண்டு பெரியதையே இழுக்கும் என்பது எங்கும் பார்க்கப்பட்ட குணம். வாரக் கடைசியில் பத்துக் கூண்டு போட்டு இரண்டு கிலோ எடுத்துவிட்டு ஆற்றைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. தொடர்ந்து, ஒரே இடத்தில், கணக்கு வைத்துப் பல மாதம் எடுத்தால் எண்ணிக்கையைக் கீழே வைத்திருக்கலாம். அதற்கு மேல் கூண்டிடம் எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் அனுமதி எதைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும்? கூண்டையும் பார்க்க வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் வாளியைப் பார்க்க வேண்டும். பிடிபட்ட லோப்ஸ்டர் ஆற்றங்கரையிலேயே சாகிறதா, உயிரோடு மோட்டார்சைக்கிளில் ஏறுகிறதா?

இது சின்ன விஷயம் போலத் தெரியும். சிலாங்கூரில் இக்கான் பண்டாராயா பட்ட பாட்டை வைத்துப் பார்த்தால் புரியும். தென் அமெரிக்காவிலிருந்து மீன் தொட்டிக்கு வந்த உறிஞ்சுவாய்க் கெளுத்தி அது. தொட்டிக் கண்ணாடியைத் துப்புரவு செய்வதால் மாநகராட்சி மன்றத்தின் பெயரையே மக்கள் அதற்கு வைத்தார்கள். லங்காட் ஆறு, கிள்ளான் ஆறு என்று எங்கும் நிறைந்து, கரையில் பொந்து போட்டு வாழ்கிறது. அதைப் பிடிக்க ‘ஸ்குவாட் பெம்புரு இக்கான் ஆசிங்’ என்ற தன்னார்வக் குழு கிளம்பியது. பாங்கி வட்டாரத்தில் லங்காட் ஆற்றில் இறங்கி ஜாலா வீசி அள்ளினார்கள். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களே வந்து படம் பிடித்தன. அள்ளிய மீனை உரமாக்கிப் பார்த்தார்கள். அந்த முயற்சிக்கு ஒரு சாதகம் இருந்தது. இக்கான் பண்டாராயாவை வாங்க ஆள் இல்லை. அழுக்கு ஆற்றில் வளர்ந்த அதைச் சாப்பிடவும் யாரும் விரும்புவதில்லை, குளத்தில் விட்டு வளர்க்கவும் ஆசைப்படுவதில்லை. பிடித்தால் சாவுதான்.

லோப்ஸ்டர் அப்படி அல்ல. அதற்கு விலை இருக்கிறது. உயிரோடு இருந்தால் இன்னும் கூடுதல் விலை. சினைப் பெண் என்றால் குளம் வைத்திருப்பவர் வீடு தேடி வந்து வாங்குவார். ஆற்றில் அது தொல்லை, குளத்தில் அது சட்டப்படியான தொழில். ஒரே பிராணிக்கு இரண்டு முகம். இதில் ஏழைப் பிடிப்பாளரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சம்பளம் பற்றாத வீட்டில் வாளி நிறைய லோப்ஸ்டர் என்பது பள்ளிப் பேருந்துக் காசு, கேஸ் தோம்பு. உயிரோடு விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் யாரும் உயிரோடுதான் விற்பார்கள். ஆனால் அந்த வாளி ஓர் ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றோரக் குளத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும், கூண்டு வைத்தவரே பரப்பியவராக ஆகிறார். ஒழிப்பதற்காகக் கொடுத்த அனுமதி பரப்புவதற்கான அனுமதியாக மாறுவது இந்த ஒரு ஓட்டையில்தான்.

ஒழிப்புக்குக் காசு கொடுப்பதிலும் இதே ஓட்டை இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று அறிவித்தால் முதல் மாதம் ஆறு காலியாகும், அடுத்த மாதம் யாராவது தண்ணீர்த் தொட்டியில் வளர்க்கத் தொடங்குவார்கள். நாகப்பாம்புத் தலைக்குக் காசு கொடுத்த கதையாக முடியும் என்று பெரியவர்கள் சொல்வது விளையாட்டுக்கு அல்ல.

பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் இந்தக் குழப்பத்தை வேறு வழியில் முடித்து வைத்திருக்கிறது. பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துக் கொடுத்த இடத்தில் தூண்டில் போடலாம், அதுவும் நீர்த்தேக்கங்களில் செயற்கை இரையோடு. கண்ட இடத்தில் பிடித்தால் 3,000 வெள்ளி வரை அபராதம். பொதுமக்கள் கூண்டு வைத்து ஒழிப்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அயல் இனத்தை அகற்றுவது அரசு அமைப்புகளின் வேலை. தேசியப் பூங்காக் கழகம் ஒவ்வோர் ஆண்டும் விசாக தினத்தை ஒட்டி, புண்ணியத்துக்காகப் பிராணிகளை நீரில் விடாதீர்கள் என்று தொண்டூழியர்களை நீர்த்தேக்கக் கரைகளில் நிறுத்துகிறது. குடிநீரும் நீர்த்தேக்கமும் ஒரே கையில் இருக்கும் சின்னத் தீவுக்கு இது சரிப்படும். ஆயிரம் ஓடையும் வாய்க்காலும் உள்ள ஜொகூருக்கும் பகாங்குக்கும் சரிப்படாது. அத்தனைக்கும் காவல் வைக்க இலாகாவிடம் ஆள் இல்லை. கையில் கூண்டும் காலையில் நேரமும் உள்ள மக்கள்தான் இருக்கிறார்கள். தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் நல்லது. உயிருள்ள மீனையோ இறாலையோ பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டு போவது குற்றமாகலாம். நண்பருக்கு ஆசையாக எடுத்துப் போனேன் என்பது பதில் ஆகாது.

ஆகவே மாநிலங்கள் செய்யக்கூடியது பெரிய புதுச் சட்டம் அல்ல. விதி வகுக்கும் அதிகாரம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. மீன்பிடி உரிமத்துக்கு என்று இருக்கும் பழைய ஏற்பாட்டிலிருந்து அயல் இன அகற்றலைத் தனியாகப் பிரித்து, அதற்கென்று ஒரு பக்கப் பாரம் ஒன்றை மாவட்ட அலுவலகத்தில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். கூண்டின் அளவையும் வாயின் அளவையும் அதிலேயே அச்சடித்துவிடலாம். தனி ஆளுக்குக் கொடுப்பதைவிட ஒரு குழுவுக்குக் கொடுப்பது நல்லது. கோயில் இளைஞர் பிரிவு, கிராம நிர்வாகக் குழு, சிலாங்கூர் என்றால் இந்தியச் சமூகத் தலைவர்கள் என்று பொறுப்பேற்கப் பெயருள்ள ஒருவர் இருப்பார். பிடித்ததைக் கரையிலேயே ஐஸ் பெட்டியில் போட்டுக் கொன்றுவிட்டு விற்கலாம், சமைக்கலாம் என்று சொன்னால் வருமானமும் முழுசாகப் போகாது, உயிரும் ஊர் மாறாது. உயிரோடு விற்பதற்கும் செத்ததை விற்பதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை மாநிலம் ஈடு கட்ட முன்வந்தால், இத்தனை இடையூறையும் தாங்கிக்கொண்டு மக்கள் வருவார்கள். வெறும் எச்சரிக்கைப் பலகைக்கு யாரும் வரமாட்டார்கள்.

குளம் வைத்திருப்பவர்களையும் விட்டுவிட முடியாது. 2023 மார்ச்சில் ஜொகூரில் பெய்த மழையில் பத்து பஹாட் பக்கம் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றது. அந்த மாதிரி வெள்ளத்தில் தாழ்வான வளர்ப்புக் குளம் எதுவும் குளமாக இருக்காது, ஆற்றோடு சேர்ந்துவிடும். ஆற்றில் பத்துக் கூண்டு வைக்க வருபவரிடம் அளவு, வாய், வில்லை, வாளி என்று கேட்பது சரிதான். ஆயிரக்கணக்கில் வளர்ப்பவரிடம் கரை எத்தனை அடி, வடிகாலில் வலை உண்டா, தொழிலைக் கைவிட்டால் இருப்பதை என்ன செய்வாய் என்று கேட்டால் கூண்டுக்கு வேலை குறையும். பிரானா போன்ற இனங்களை நாட்டுக்குள் கொண்டு வருவதற்கு 1990-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை போட்டது போல, அனுமதிக்கப்பட்ட இனத்தை வளர்க்கும் முறைக்கும் கடிவாளம் தேவை.

இந்த ஏற்பாடெல்லாம் வரும் வரை கூண்டு வைக்க நினைப்பவர் செய்ய வேண்டியது என்ன? முதலில் மாவட்ட மீன்வள அலுவலகத்துக்கு மலாய் மொழியில் ஒரு கடிதம். வாயால் கேட்டுவிட்டு வருவது போதாது. ஆற்றின் பெயர், கூண்டு வைக்கும் இடம் எந்தப் பாலத்துக்கும் எந்தத் தோட்டத்துக்கும் நடுவில் என்பது, எத்தனை கூண்டு, வாய் எவ்வளவு, வலைக்கண் எவ்வளவு, எத்தனை நாள், தினமும் யார் தூக்கிப் பார்ப்பது, கூட மாட்டும் உள்ளூர் மீனையும் ஆமையையும் உடனே விட்டுவிடுவோம் என்ற உறுதி, லோப்ஸ்டரைக் கரையிலேயே கொன்றுவிடுவோம் என்ற உறுதி. இவை அனைத்தும் கடிதத்தில் இருந்தால் அதிகாரிக்கும் மறுக்கக் காரணம் குறையும். பிடிபட்ட ஒன்றிரண்டின் தெளிவான படத்தை இணைப்பது நல்லது, அது எந்த இனம் என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். ஆறு தோட்ட நிலத்தைத் தொட்டுப் போனால் நிர்வாகத்தின் கடித நகலும் சேர வேண்டும். கூண்டை முழுசாக முக்காமல், மேல் பகுதி தண்ணீருக்கு வெளியே தெரியும்படி கட்டினால் உள்ளே போகும் ஆமைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஓர் ஆற்றில் போட்ட கூண்டை அடுத்த ஆற்றுக்குக் கொண்டு போகும் முன் கழுவி வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். குஞ்சும் நோயும் ஈரத்தில் பயணம் செய்யும்.

ஒப்புதல் கிடைத்தால் அந்தக் கடிதத்தின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு வைத்திருப்பது நல்லது. ஆற்றங்கரையில் அமலாக்க அதிகாரி வந்து நிற்கும்போது, ஆபீசில் ஒருவர் சரி என்று சொன்னார் என்பது யாரையும் காப்பாற்றாது.